இடது பட்டை, வலது பட்டை

எதைப் பூசட்டும்னு மறுபடி என்னையே கேக்கறீங்களே மேஸ்திரி... அது தெரிஞ்சிருந்தா பத்து நாளா ஒரே செவுத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேனா?

சனிக்கிழமை பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. இந்த ரூம்தான். அதுக்குள்ள பூசி, காஞ்சு, வாடை போகணும். இன்னிக்கு விட்டா ஆகாது. நீங்களும் பாவம், நாலு தடவை ஏணியோட வந்து திரும்பிட்டீங்க. முதல் நாளே ரெண்டு பட்டை அடிச்சுக் காட்டினீங்க. இடது நான் சொன்ன தந்தக் கலர். வலது வீட்டம்மா சொன்ன சந்தனம். கடைக்காரன் அட்டையில ரெண்டும் அக்கம்பக்கம்... அதுக்கே இந்தக் கூத்து.

மச்சினன் வந்தான். சட்டைக்கும் பேண்டுக்கும் என்னிக்குமே சேராது அவனுக்கு. அவன் சொல்றான், அக்கா கலர்தான் அழகாம். மாடி வீட்டு டெய்லரம்மா கூப்பிடாமலே இறங்கி வந்து, வலதுதான் கண்ணுக்கு இதம்னுட்டுப் போச்சு. நானும் விடலை. வலது பட்டை காமாலை வந்தவன் மூஞ்சி மாதிரி இருக்குன்னேன். உங்க பட்டை ஆஸ்பத்திரி வராந்தாங்கறா வீட்டம்மா. காலையில பொண்ணுக்கே போன் போட்டுச் சொல்லிட்டா, என் கலர்தான் ஜெயிச்சுதுன்னு.

இருங்க, சந்தன டப்பாவைத் தொறக்காதீங்க. கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

மூணாம் நாள் அவ கடைக்குப் போயிருந்தா. நீங்க வச்சுட்டுப் போன மிச்சத் தந்தத்தை எடுத்து, அவ பட்டை மேல ரெண்டு கை அடிச்சுட்டேன். தோக்கற ஆத்திரம்தான், வேறென்ன. வந்ததும் கண்டுபிடிப்பான்னு பயந்துகிட்டே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கலை மேஸ்திரி. ஏழு நாளா செவுத்துல இருக்கறது ஒரே கலர். மச்சினன் வந்தது, டெய்லரம்மா வந்தது, எல்லாம் அதுக்கப்புறம்தான். இடது வெறும் வெளுப்பாம், வலதுல ஒரு களை இருக்காம். நான் மட்டும் என்ன... என் கலரையே காமாலைன்னு திட்டிக்கிட்டிருக்கேன்.

இப்ப சந்தனம் பூசினா, நான் பாத்தது இது இல்லையேன்னு கேப்பா. அதனால தந்தமே அடிங்க. டப்பா லேபிளை மட்டும் மாத்தி ஒட்டிடுங்க. அவ ஜெயிச்சதாவே இருக்கட்டும்.

ஆனா ஒண்ணு... உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஏழு நாளாப் பாத்ததுல தந்தம் எனக்கே பிடிக்கலை. அவ சந்தனம்தான் நல்லா இருந்துது. பேசாம அதையே... ஆனா அவ கேட்டா?

நீங்களே சொல்லுங்களேன், எதைப் பூசலாம்?

மேஸ்திரி... ஏணியை ஏன் தூக்கறீங்க?