கட்டை விரல் நாடி

சுலோசனா, அந்த செல்போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணி. சேதராப்பட்டுச் சாலை. நாய்கூட இல்லை... நர்சிங் கல்லூரி பஸ் ஒன்றுதான் போகிறது. உள்ளே தூங்கி வழிகிறாள் கார்குழலி, என் நண்பன் ஆதிமூலத்தின் அக்கா மகள். பி.எஸ்சி. நர்சிங், கடைசி வருஷம்.

சேர்ந்த புதிதில் விளக்கேற்றும் விழா நடந்தது. பிரின்சிபால் முக்கால் மணி நேரம் முழங்கினார்: "நோயாளியின் நாடித்துடிப்பே இனி உங்கள் துடிப்பு!" பிள்ளைகள் கையில் பேட்டரி மெழுகுவத்தி. பாதி எரியவில்லை.

நாடியை மூன்று விரலால் பார்க்க வேண்டும். கட்டை விரல் ஆகாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. நோயாளியுடையது என்று நினைத்து நம்முடையதையே எண்ணிவிடுவோம். இது அவர்களுக்கு அரிச்சுவடி.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வார்டுக்குள் போன பிறகும் அவளுக்குத் தூக்கக் கலக்கம். மூலைக் கட்டிலில் அஞ்சலாட்சி அம்மாள். கழுத்தெல்லாம் தைல வாசனை. கை சில்லென்றிருந்தது... ஃபேன் காற்று என்று நினைத்தாள். அவசரத்தில் கட்டை விரலை வைத்தாள். டக்... டக்... அழகாக அடித்தது. எழுதிவிட்டு நகர்ந்தாள்.

பின்னாலேயே வந்த சிஸ்டர் அலறினார்.

"அடிப்பாவி! வெறைச்சிப் போயிக் கெடக்குது... யாரு நாடிய எண்ணின?"

பிரின்சிபால் விஷயத்தை அமுக்கினார். கல்லூரியின் மானம் பெரிதல்லவா? "வெளிய வாயத் தொறந்தா டிகிரி கெடையாது," என்றார். அவளுடைய அப்பா, வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து கிடைத்த வேலை செய்கிறவர். கார்குழலி வாயைத் திறக்கவில்லை.

செய்முறைத் தேர்வு. லேப் கட்டிலில் ரப்பர் பொம்மை. இந்த முறை மூன்று விரலை ஒழுங்காக வைத்தாள். நின்றாள்... நின்றுகொண்டே இருந்தாள்.

"அடிக்குது சார்."

"பொம்மைம்மா அது! நாம சயின்ஸ் படிச்சவங்க," என்று சிரித்தபடி பிரின்சிபாலும் விரலை வைத்தார்.

சிரிப்பு நின்றது. கையைக் கோட்டில் துடைத்தார்... துடைத்துக்கொண்டே இருந்தார். அறையெல்லாம் தைல வாசனை.

"பாஸ்," என்றார், யாரும் கேட்காமலே.

பட்டம் வாங்கிய அன்று தவளக்குப்பத்தில் அவள் வீட்டில் பிரியாணி. "மாமாவுக்கும் நாடி பாக்கச் சொல்லிக் குடும்மா" என்று ஆதிமூலம் விளையாட்டாக அவளுடைய இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தான். தள்ளி வைத்தான். அழுத்தினான்.

ஒன்றுமில்லை... சில்லென்ற கை.

கார்குழலி தட்டிலிருந்து நிமிரவில்லை.

"கட்டை வெரல வை மாமா," என்றாள். "அடிக்கும்."