டிராகனைச் சுடும் பரீட்சை

இறம்பொடையிலிருந்து நுவரெலியா போன பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் அன்று நான்கு பேர் இருந்தோம்: லீக்ஸ் மூட்டையோடு ஒரு அக்கா, மடியில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் பெட்டியோடு இரண்டு இளைஞர்கள், நான். இரண்டும் அவர்களே பாகம் வாங்கிப் பூட்டியவை. எது வேகமோ, அதைப் போலப் பத்துச் செய்ய நுவரெலியாவில் ஒரு டியூசன் சார் ஓடர் கொடுப்பாராம். வளைவுக்கு வளைவு பெட்டிகள் விழுந்துவிடுமோ என்று நான்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“வேகத்த டெஸ்ட் பண்ற சாப்ட்வேர் நான் கொண்டாந்துட்டேன் மச்சான்,” என்றான், பெட்டியைக் கம்பளியில் சுற்றியிருந்தவன்.

“எது, டிராகன் சண்டை ஓடுமே, அதுவா?” என்றான் மற்றவன். “டியூசன் பிள்ளைங்க டிராகனைச் சுடவா வருதுங்க? டைப் அடிக்கத்தானே! என்னோடதப் போடு. லெட்டர் அடிச்சு, கணக்குப் போட்டுப் பாக்கும்.”

“அதுல, என் பெட்டியில பூட்டுன கேம் கார்டுக்கு வேலையே இல்லியேடா!”

“அப்ப எதுக்கு அத வாங்குன?”

அக்கா சிரித்துவிட்டார். கம்பளிக்காரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, உன்னோடதையே போடு, நீதான் ஜெயிப்ப. ஆனா ஓடர் கெடைச்சா பூட்டுற வேலைக்கு என்னையும் சேத்துக்க மச்சான். கார்டு வாங்குன கடன் இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு ரூவா இருக்கு.”