வியாழக்கிழமை எரிக்க வேண்டிய பெட்டிகள்

— அந்த முக்காலியை விட்டு எந்திரிச்சுப் பேசுங்க, எகிடோர் அண்ணே. காத்து வாங்கவா வந்திருக்கேன்? கிடங்கைத் திறங்க.

— உத்தரவு இல்ல, நர்ஸம்மா.

— வார்டுல பதினோரு புள்ளைங்க கிடக்குதுங்க. கையைப் பிடிச்சா என் கட்டைவிரல் தடிமன் கூட இல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு பொட்டலம், அந்த வேர்க்கடலை அரைச்ச சத்துப் பசை, குடுத்தா பொழச்சுக்கும். அது உங்க முதுகுக்குப் பின்னால கூரை வரைக்கும் அடுக்கியிருக்கு.

— இருக்கட்டும். குடுத்த நாடு உதவியை நிறுத்திட்டேன்னு சொல்லிடுச்சு. பெட்டியை யாரும் தொடக் கூடாது. உத்தரவு அப்படி.

— தொடாம வச்சு என்ன செய்யப் போறாங்க?

— தேதி முடியுது. வியாழக்கிழமை லாரி வரும். எரிச்சுடணுமாம்.

— எரிக்கவா? மூணு மழை பொய்ச்சு, பட்டியில ஆடு கூட மிச்சமில்ல. தின்னக் குடுக்க லாரி இல்லையாம், எரிக்க மட்டும் லாரி வருதாம்.

— என்கிட்டக் கத்தி என்ன ஆகப் போவுது? அனுப்புனவன்கிட்டக் கத்துங்க.

— அவனை விடுங்க. அவன் போட்டான், நிறுத்திட்டான். நாப்பது வருசமா உதவிக் கப்பல் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தோமே, நமக்குன்னு ஒரு கிடங்கு கட்டணும்னு இந்த லொத்வார் ஊர்ல ஒருத்தனுக்காவது தோணிச்சா? எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான். கடைசில அவன் பூட்டுக்கு நம்ம ஆளே காவல். வெக்கமா இல்ல உங்களுக்கு?

— பேசுங்க. நல்லாப் பேசுங்க.

— பேசத்தான் செய்வேன். நேத்து வரைக்கும் அங்க பன்னெண்டு புள்ளைங்க. நபெயோக்குன்னு ஒருத்தியோட கடைசிப் பையன் விடியக்காலைல போயிட்டான். பால் குடிக்கக் கூட வாயைத் திறக்கல.

— எந்த ஊரு அது?

— ஆத்துக்கு அக்கரை. ஏன், ஊரைச் சொன்னாத்தான் திறப்பீங்களோ?

— மத்த பதினொண்ணு?

— அதுங்களும் அக்கரைதான். இப்ப அதுக்கு என்ன?

— இக்கரையிலிருந்து ஏன் ஒரு புள்ள கூட வரலன்னு நீங்க யோசிக்கலையா?

— என்ன சொல்ல வர்றீங்க?

— இந்தாங்க சாவி. உள்ள பெட்டியெல்லாம் அடுக்குனபடியே இருக்கும், அத்தனையும் மணல். ரெண்டு மாசமா பொட்டலத்தையெல்லாம் கழுதையில ஏத்திக்கிட்டுப் போய் இக்கரையில வீடு வீடாக் குடுத்தேன். அக்கரைக்குப் போறதுக்குள்ள தீந்துபோச்சும்மா.