செண்பக நகர் எதுவரை?

செண்பக நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் அண்ணாச்சி அய்யாதுரை அவர்களே, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மனை வணிகரும் வெடிக் கம்பெனி உரிமையாளருமான நாகையா அவர்களே, நகர் கண்ட பெரியோர்களே, அடுப்படி வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பாய் எந்தப் பக்கம் பேசப்போகிறான் என்று காத்திருக்கும் தோழர்களே, அச்சகம் நடத்தும் நவ்ஷாத்தின் அன்பான வணக்கம்.

நுழைவு வளைவை எங்கே நிறுத்துவது என்று பேசத்தான் அழைத்தீர்கள். சிவகாசியில் செண்பக நகர் என்றால் சும்மாவா? சம்பந்தம் பேச வருகிறவர் பேரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்துகிறார். அதனால்தான் எம். புதுப்பட்டி சாலையில் பாதித் தூரம் தள்ளி இருப்பவரும், கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தால் ‘செண்பக நகர்’ என்றே முகவரி எழுதித் தருகிறார். பத்திரிகையில் நகர் வளர்கிறது. சாக்கடை தூர்வார ஆள் கேட்டால் நகர் சுருங்குகிறது. பின்வரிசையில் கைதட்டும் நண்பரே, பொறுங்கள். உங்கள் வீட்டுப் பத்திரிகையும் நான் அடித்ததுதான்.

முதல் தெருக்காரருக்கு நகர் மூன்றாம் தெருவோடு முடிகிறது. மூன்றாம் தெருக்காரருக்கு ஓடையோடு முடிகிறது. ஓடைக்கு அப்பால் உள்ள பன்னிரண்டு வீட்டாரோ, நாங்களும் நகர்தான் என்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஓடைக்கு அப்பால் நாற்பத்துமூன்றாம் மனையில் வீடு கட்டியிருப்பவர் சொர்ணலட்சுமி. போன செவ்வாய்க்கிழமை என் அச்சகத்துக்கு வந்து இரண்டு தாள்களை மேசையில் விரித்தார். ஒன்று, மனை விற்பதற்காக நாகையா அவர்கள் 2003இல் என்னிடம் அடித்த நோட்டீஸ். அதில் அந்த மனை செண்பக நகருக்குள் இருக்கிறது. மற்றது, அந்த வீட்டுக்குப் பின்னால் வெடிச்சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு உரிமம் கேட்டு அதே நாகையா அவர்கள் கொடுத்த வரைபடத்தின் நகல். அதில் நகர் ஓடையோடு முடிகிறது. வீடு நிற்கும் இடத்தில் கருவேலங்காடு என்று போட்டிருக்கிறது.

“பாய், ரெண்டும் ஒரே ஆளு குடுத்ததுதான். அங்கன நான் சோறு பொங்குறேன், எம்பிள்ளைக படிக்குதுக. அதைப் போயி முள்ளுக்காடுங்காக. இந்த நோட்டீசை நீங்கதான அடிச்சீக? நாங்க எங்கன இருக்கோம்னு நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார்.

உட்காருங்கம்மா என்றேன். வெட்கமாக இருந்தது.

வீடுகளுக்குப் பக்கத்தில் வெடிக் கிட்டங்கிக்கு உரிமம் கிடையாது. நம் வட்டாரத்தில் இதைத் தெரியாதவர் உண்டா? ஆகவே, உங்கள் நகர் எதுவரை என்று அதிகாரி நம் சங்கத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார். நாளை பதில் போக வேண்டும். நாமோ ஓடைக்கு அங்கிட்டு இருப்பவர்களைச் சேர்த்தால் கவுரவம் குறையும் என்று, ஓடையே எல்லை என எழுதத் தயாராகிவிட்டோம். கவுரவம் நமக்கு. கிட்டங்கி அவருக்கு. கந்தகம் யாருக்கு? நாகையா அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நோட்டீசைத்தான் நான் நம்பச் சொல்கிறேன்.

வளைவு நிற்கும் இடமா நகர்? வண்ணம் பூசிய வாசலா நகர்? மாடி வீடும் மார்பிள் தரையும் மட்டுமா நகர்? மனிதர் உலை வைக்கும் இடமெல்லாம், மழலை உறங்கும் இடமெல்லாம், மாலையில் விளக்கேற்றும் இடமெல்லாம் நகர் என்று நாம் எழுதினால் எழுதுகிற கை தேய்ந்தா போகும்?

பதிலை நானே அடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ‘நாற்பத்துமூன்றாம் மனையும் எங்கள் நகரே’ என்பதுதான் அதில் உள்ள ஒரே வரி. நோட்டீஸ் அடித்தவன் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்தது தலைவர் கையெழுத்து. அண்ணாச்சி, இதோ பேனா. நீங்கள் போடும்வரை ஒலிபெருக்கியை விடுவதாக இல்லை.

நாகையா அவர்கள் எழுந்துவிட்டார். போகட்டும், வழி விடுங்கள். அண்ணாச்சி, அவரைப் பார்க்காதீர்கள். முன்வரிசையைப் பாருங்கள், சொர்ணலட்சுமி அங்கேதான் இருக்கிறார்.

தலைவர் பேனாவை வாங்கிவிட்டார். போட்டும்விட்டார். எஞ்சிய இடம் உங்கள் அனைவருக்கும், வரிசையாக வாருங்கள். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் என் நன்றி. ஓடைக்கு இப்பால் இருப்பவர்களுக்கும் அப்பால் இருப்பவர்களுக்கும் ஒரே வணக்கம்.