முல்லையாறு இன்னும் சாப்பிடவில்லை

யுவராணி: மண்ணு கையெழுத்துப் போட்டுருச்சு. காத்தும் போட்டுட்டுப் பிரியாணிக்குப் போயிருச்சு. நீங்க மட்டுந்தேன் பாக்கி, சுரேஷ்கண்ணன் சார்.

சுரேஷ்கண்ணன்: நான் இப்ப நூல் மில்லு மேனேஜர் இல்ல மேடம். இந்த நாடகத்துல முல்லையாறு. நெஞ்சுல அட்டை குத்தியிருக்குல்ல...

யுவராணி: அதேன் ஆத்துக்கிட்டக் கெஞ்சுறேன். சுற்றுச்சூழல் பயிற்சி குடுக்குற சார் சொன்னாகல்ல, ஆறு சம்மதிக்காமக் கம்பெனிக்குச் சர்டிபிகேட்டு இல்லைன்னு.

சுரேஷ்கண்ணன்: இல்லாட்டி?

யுவராணி: எங்க திராட்சை ஜூஸ வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். முதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக.

சுரேஷ்கண்ணன்: வைகை அணைக்கு வந்து நின்ன தண்ணி மேடம் நான். எனக்கு அவசரமே இல்ல.

யுவராணி: பசிக்குமே...

சுரேஷ்கண்ணன்: ஆத்துக்கு ஏது பசி? ...லெக் பீஸ் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

யுவராணி: ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.

சுரேஷ்கண்ணன்: ஆத்துக்கே லஞ்சமா?

யுவராணி: சரி... ஆறு என்னதேன் கேக்குது?

சுரேஷ்கண்ணன்: பீப்பாய் கழுவுன தண்ணிய ஓடையில விடக்கூடாது.

யுவராணி: எழுதியாச்சு.

சுரேஷ்கண்ணன்: அந்தத் தண்ணி வர்ற குழாய என்னைக்கு அடைப்பீக? தேதி போடுங்க.

யுவராணி: வெளாட்டுக்குத் தேதியா? ...தை ஒண்ணு, ரெண்டாயிரத்தி ஒம்பது. போதுமா?

சுரேஷ்கண்ணன்: கம்பெனி சீல்?

யுவராணி: நாடகத்துக்கு எவனாச்சும் சீல் வப்பானா...

சுரேஷ்கண்ணன்: அப்பக் காத்து ரெண்டாவது தட்டும் சாப்பிடட்டும். ஆறு இங்கனயே கெடக்கும்.

யுவராணி: இருங்க, இருங்க. ஹேண்ட்பேக்குலதேன் கெடக்கு... இந்தாங்க, வச்சாச்சு. போடுங்க.

சுரேஷ்கண்ணன்: ...ம். போட்டுட்டேன்.

யுவராணி: என்ன, முல்லையாறுன்னு போடாமச் சொந்தப் பேரப் போட்டிருக்கீக?

சுரேஷ்கண்ணன்: மறைக்காமச் சொல்லிர்றேன் மேடம். ஓடைப்பட்டியில உங்க குழாய்க்குக் கீழ இருக்குற தோட்டம் எங்கப்பாவோடது. மூணு வருசமாக் கொடி கருகுது. மனு மேல மனு குடுத்துப் பாத்தாக, ஒண்ணுக்கும் பதில் இல்ல. இன்னைக்குத்தேன் சீல் விழுந்துருக்கு. கோவிச்சுக்கிறாதீக.

யுவராணி: பதினோரு மனு. எல்லாம் என் மேசையிலதேன் கெடக்கு. முதலாளி ஒண்ணக்கூடப் படிக்கல. இந்தக் காகிதம் சர்டிபிகேட்டோட வெளிநாட்டுக்குப் போகுது, இனி குழாய அடச்சுத்தேன் ஆகணும்.

சுரேஷ்கண்ணன்: அப்ப... நான் யாருன்னு ஒங்களுக்கு...

யுவராணி: மனுவுல மகன்னு ஒங்க பேரும் இருந்துச்சே. காலையில ஒங்களுக்குக் காத்து அட்டையத்தேன் குத்த வந்தாக. ஆத்தக் குத்துங்கன்னு மாத்தச் சொன்னது நாந்தேன். இல்லாட்டி, கம்பெனி சீல எவளாச்சும் பயிற்சிக்குத் தூக்கிட்டு வருவாளா சார்?