மூணு கிலோ

மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறுனேன், கைப்பையையும் கீழ வச்சிட்டேன். இன்னொரு தடவ ஏறச் சொன்னாலும் எண்பத்தஞ்சுதான் காட்டும். ஆமா, போன மாசம் எண்பத்திரெண்டு. நீங்கதானே கார்டுல எழுதுனீங்க.

என்ன சாப்டேனா. வழக்கம்போலத்தான்லா. தீபாவளி வந்துச்சுல்ல, முறுக்கு, பலகாரம்னு... ஆமா, அது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. சரிதான். மழையும் விடமாட்டேங்குது. எங்க தாமான்ல, வீடுங்களுக்கு நடுவுல இருக்கற திடல் முழுக்கத் தண்ணி, நடக்கவே முடியல. இங்க வெயிலா. எங்க ஊரு பெம்பான்ல மழைதான், ஜனகாம்மா. ரெண்டு எடத்துக்கும் எப்பவும் ஒண்ணுபோல இருக்காது.

கோவமா. கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க எனக்காக எவ்வளவு பாடுபடறீங்கன்னு தெரியும். போன வாரம் எடுத்த ரத்தத்தப் பாத்துட்டு நேத்து டாக்டரும் சத்தம் போட்டாரு. இனிப்புநீர், அதான் சக்கர கூடிருச்சாம், அடுத்த தடவயும் இப்படியே இருந்தா இன்சுலின் ஊசிதானாம். கால் கட்டவெரல்ல குத்திக் காட்டுனாரு, எனக்கு ஒண்ணும் தெரியல. அத ஏன் நேத்தே சொல்லலன்னு கேக்கறீங்களா. நேத்து உங்கள எங்க பாத்தேன்.

எப்பலேர்ந்து ஒடம்பு போட்டுச்சுன்னு மொதல்ல ஒருநாள் கேட்டீங்க, ஞாபகம் இருக்கா. அன்னைக்கு நேரமில்லாமப் பாதியில விட்டுட்டேன். கல்யாணத்தப்ப நான் நாப்பத்தாறு கிலோ. தேவமலரா இது, காத்தடிச்சாப் பறந்துருவான்னு எஸ்டேட்டுத் தோட்டத்துல கிண்டல் பண்ணுவாங்க. பத்தொம்பது வயசுல பத்து பெரண்டாம்ங்கற ஊருல கிலாங்ல, அதான் ஃபேக்டரியில சேந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஒரே நாற்காலி. மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சு, அரிசியில பாதி இருக்கற எலக்ட்ரானிக் சாமானத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். எழுந்தா சூப்பர்வைசர் திரும்பிப் பாப்பா, அதனால யாரும் எழ மாட்டோம். விடியறதுக்குள்ள பஸ் வந்துரும், வீட்டுல பசியாற எங்க நேரம். கேண்டீன்லதான் தேங்காப்பால் சோறு, நாசி லெமாக். பத்து மணிக்குத் தே, டின்பாலு சுசு ஊத்துன டீ. மத்தியானம் சோறு. மூணு மணிக்கு மறுபடி தே, கூட வாழப்பழம் பொரிச்ச பீசாங் கோரெங். ஓட்டி, கூடுதல் நேர வேலை இருந்தா மீ நூடுல்ஸ் வேற.

ஆனா எல்லாரும் சேந்து சாப்புடுவோம்மா. ஒரு மேசையில ஒம்போது பொம்பளைங்க. ஒருத்தி பொட்டலத்த இன்னொருத்தி புடுங்குவா. மாமியார் கதை, புருஷன் கதை, எல்லாம் அந்த அரை மணி நேரத்துல ஓடும். ஒடம்பு ஏறுனதே தெரியல. வருஷா வருஷம் யூனிஃபார்முக்கு அளவெடுக்கறவதான், அக்கா டேப்பு பத்தலம்பா. சிரிச்சுக்குவோம்.

நாப்பத்தேழு வயசுல அந்த லைனையே வேற நாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒரு கேக்கு வெட்டி, ஒரு கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. சரி, அவரோடவாவது கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு, தங்கராஜு, எண்ணெய் எடுக்கற செம்பனைக் கொல ஏத்தற லோரி ஓட்டுனவரு. ரெண்டு வருஷம் இருந்தாரு. அப்புறம் ஒருநாள் குளிச்சிட்டு வந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மூணு வருஷமாச்சும்மா.

பையனா. தினேஸ்வரன் சிங்கப்பூர்ல இருக்கான். கொற சொல்லக் கூடாது, நல்ல புள்ள. தெனமும் வாய்ஸ் அனுப்புவான், சாப்டீங்களாமான்னு. சாப்டேன்பான்னு நான் அனுப்புவேன். கட்டவெரலத் தூக்குன படம் ஒண்ணு வரும். அவ்வளவுதான் அன்னைக்கு. அவனுக்கும் வேலை, சின்னப் புள்ளைங்க ரெண்டு. அங்க வந்துரச் சொல்றான். போனேன், ஒரு மாசம் இருந்தேன். பதிமூணாவது மாடி. அவங்க நாலு பேரும் காலையில கெளம்பிருவாங்க. பெம்பான்லயாவது ஜன்னலத் தொறந்தா கோழி நடக்கும்.

தனியா இருக்கறவங்களுக்குச் சாப்பாடு எறங்காதும்பாங்க. எனக்கு அப்படி இல்ல. டிவியப் போட்டுட்டு பிஸ்கட் டின்ன மடியில வச்சுக்குவேன். கை அது பாட்டுக்குப் போகும். மெல்லறப்ப வீட்டுல ஒரு சத்தம் இருக்கும் பாருங்க, அது போதும். டின்னு தீந்ததும் அந்தச் சத்தமும் நின்னுரும். ஒடனே அடுத்தத ஒடைப்பேன்.

அப்படித்தான் தொண்ணூத்தொண்ணு வந்துச்சு. பாசார் சந்தையில தலை சுத்தி விழுந்து, மீன் விக்கற மலாய்க்கார மாக்சிக் இங்க கிளினிக்குக்குக் கொண்டாந்து சேத்தா. டாக்டரு, சாப்பாட்டுக்கு யோசன சொல்ற இந்த ரூமுக்கு அனுப்புனாரு. நீங்க பேனாவ எடுத்துக்கிட்டு, ஆன்ட்டி, நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்கன்னீங்க. என்ன சாப்டீங்க, எவ்வளவு, உக்காந்தா நின்னுக்கிட்டா, கூட யாரு இருந்தா. சம்பலுக்கு சீனி போட்டீங்களான்னுகூடக் கேட்டீங்க. முக்கா மணி நேரம். பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்து அழுதேன். நோவு வந்துருச்சேன்னு அழல. நேத்து நான் என்ன பண்ணேன்னு அதுக்கு முந்தி யாரு கேட்டா.

அப்புறம் பாத்தீங்கள்ல. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான் குடிச்சேன். சோத்தக் கொறச்சு கீரையப் போட்டுக்கிட்டேன். திடல்ல தெனமும் ஆறு சுத்து. மாசாமாசம் உங்ககிட்ட வந்து காட்டணுமேன்னு ஒரு ரோஷம். ஏழே மாசத்துல எண்பது. நீங்க பக்கத்து ரூம் நர்ஸ் மிஸ்ஸியக் கூப்பிட்டு என் கார்டக் காட்டுனீங்க. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, ஆன்ட்டி ஜெயிச்சிட்டீங்கன்னீங்க. இனிமே மாசாமாசம் வர வேணாம், நாலு மாசத்துக்கு ஒரு தடவ போதும்னும் சொன்னீங்க.

சந்தோஷமாத்தான் சொன்னீங்க. உங்க மேல தப்பில்ல. வெளிய எத்தன பேரு காத்துக்கிட்டிருக்காங்க, எனக்குத் தெரியாதா. அந்த நாலு மாசமும் நானும் நடந்து பாத்தேன். யாருக்குக் காட்டறதுன்னு நடக்கறது. மறுபடி டின்னத் தொறந்தேன். திரும்பி வந்தப்ப எண்பத்தஞ்சு. நீங்க பதறிப் போயிட்டீங்க, பழையபடி மாசாமாசம் வரச் சொல்லிட்டீங்க. எனக்கு அன்னைக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

போன மாசம் எண்பத்திரெண்டுக்கு வந்துருச்சு. உங்கள ஏமாத்த மனசு வராம கொறச்சதுதான். நீங்க சிரிச்சுக்கிட்டே, இன்னும் கொஞ்சம் எறங்கட்டும், மறுபடி நாலு மாசம் போட்டுரலாம்னீங்க.

அன்னைக்கே போற வழியில ரொட்டி சானாய் பரோட்டாக் கடையில நொழஞ்சேன். பசி இல்ல. ரெண்டு சானாய், சீனி தொட்டு. மறுநாளும் போனேன். இந்த மாசம் முழுக்க அப்படித்தான். இன்னைக்கும் இங்க வர்றதுக்கு முந்தி மூணு தின்னுட்டுத்தான் வந்தேன், கடைசி ஒண்ணு தொண்டையில எறங்கல, தண்ணிய ஊத்தி உள்ள தள்ளுனேன். மழையும் இல்ல, பலகாரமும் இல்ல. வேணும்னுதான் ஏத்துனேன்.

ஏம்மா, பேனாவ வச்சுட்டீங்க. அட, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கறீங்க. டாக்டர்கிட்ட சொல்ல வேணாம், சரியா. ஊசின்னா போட்டுக்கறேன்.

என்ன சொன்னீங்க. எறங்குனாலும் மாசாமாசம் வரலாமா. எழுபதுக்கு வந்தாக்கூடவா. கார்டுல எழுதித் தருவீங்களா.

அப்படின்னா எறக்கிர்றேம்மா. எறக்கறது ஒண்ணும் எனக்குப் பெரிய வேலை இல்ல.