அரம் தின்ற சுருதி

இரண்டு நாளாக வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டை மாட்டிக்கொள்ளக்கூட மனைவி கை கொடுக்க வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் கயிறு இழுத்த தோள், அப்படித்தான் இருக்கும். அதனால் உட்கார்ந்தே சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, எப்போதிலிருந்து காது கேட்கவில்லை என்று உங்கள் நஷ்டஈட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இடத்தில் 'சரியாகத் தெரியவில்லை' என்று எழுதச் சொன்னார் மேஸ்திரி. எனக்குச் சரியாகத் தெரியும்.

எங்கள் வேலை எண்ணெய்த் தொட்டிகளில் துரு தட்டுவது. மூன்று ஆள் உயரத் தொட்டி. உச்சியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வாய். ஒருவன் உள்ளே இறங்கிச் சுத்தியலால் தட்டுவான். இன்னொருவன் மேலே நின்று துருவை வாளி வாளியாக இழுத்துக் கொட்டுவான். உள்ளே அடிக்கிற ஒவ்வொரு அடியும் சுவரில் முட்டித் திரும்பி மண்டைக்குள் வந்து உட்காரும். ஆறு வருடம் நான் உள்ளே இருந்தேன். மச்சான் வேலைக்கு வந்த பிறகு மேலே ஏறினேன். இளவயசு, ஒல்லி உடம்பு, அவன் இறங்குவதுதான் நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது.

அவனிடம் ஒரு கிடார் இருந்தது. அதற்காகக் காதைக் கண்ணைப் போலக் காப்பாற்றினான். இறங்கும் முன் பஞ்சை மெழுகில் தோய்த்து இரண்டு காதிலும் அடைத்து, தாடையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வான். "பல்வலிக்காரன் வந்தாச்சு" என்று ஆட்கள் சிரிப்பார்கள். அவனுக்குக் கம்பி என்று பெயரும் வைத்திருந்தார்கள். "பாத்துக்கிட்டே இரு, இந்தக் கம்பி ஒருநாள் கம்பி நீட்டப்போகுது" என்பார் மேஸ்திரி.

அப்படித்தான் ஆகும் போலிருந்தது. ஒரு இசைப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதலில் காதுக்குத்தான் சோதனை. கண்ணுக்குத் தெரியாமல் பியானோவைத் தட்டுவார்கள், என்ன சுரம் என்று சொல்ல வேண்டும். என் மனைவி அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தாள். மறுநாள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "அவன் போனா உள்ள யாரு? புது ஆள் எவனும் வரமாட்டேங்கறான். நீயே பழையபடி இறங்கிடு" என்றார். அப்போது நாற்பத்தாறு வயது எனக்கு.

கிடாரைச் சுருதி சேர்க்க அவனிடம் ஒரு எஃகுக் கவை இருந்தது. கைப்பிடி, அதன் மேல் இரண்டு பல். முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தால் ஒரே ஒரு சுரம் வரும். அதற்கு ஒரு கம்பியைச் சேர்த்துவிட்டு, மற்ற ஐந்தையும் அதோடு சேர்ப்பான். எனக்கு அவனே சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தான். "இந்த ஒரு சுரம் மண்டைல ஒட்டிக்கிட்டா போதும் மாமா. மத்ததெல்லாம் இதைப் பிடிச்சுக்கிட்டே வந்துடும்."

எனக்கு இசை தெரியாது. தகடு தெரியும். தேயத் தேயத் தகட்டின் ஒலி இறங்கும். தட்டிப் பார்த்தே கனம் சொல்லிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காளும் தம்பியும் சந்தைக்குப் போவார்கள். நான் வட்ட அரத்தை எடுத்து, கவையின் பற்கள் இரண்டும் சேர்கிற இடுக்கில் சில இழுப்பு இழுப்பேன். பளபளப்பு தெரியாமல் கரியும் எண்ணெயும் தேய்ப்பேன். பத்து ஞாயிறு. முதல் ஞாயிறு வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் பார்த்ததைவிடப் பார்க்காததுதான் உறுத்துகிறது.

இன்று போல எல்லாவற்றையும் போனில் சரிபார்த்துக்கொள்கிற காலம் இல்லை அது. வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அந்தச் சமயத்தில் அது பழுதாகியிருந்தது. அதுவும் என் கைதான்.

ஒரு தடவை அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"மாமா, கம்பியெல்லாம் தொளதொளன்னு இருக்கற மாதிரி இல்ல?"

"பழசாயிருக்கும் மாப்ளே."

"புதுசு மாட்டியும் அப்படியே இருக்கே. சத்தமும் என்னமோ கீழ இருக்கற மாதிரி படுது."

"இரும்பு மாறுமா? மாறினா மனுஷன் காதுதான் மாறும்" என்றேன்.

"அவனைப் பயமுறுத்தாதீங்க" என்றாள் என் மனைவி. "அவன் போயிட்டா உங்களுக்குப் பேச்சுத்துணை இருக்காதுன்னு இப்பவே வயித்தெரிச்சல். என்னைக் கட்டினீங்களா, என் தம்பியைக் கட்டினீங்களா?" மூன்று பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் தன் காதை நம்பவில்லை, கவையை நம்பினான். தினமும் காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, நான் அராவி வைத்த சுரத்தை மனப்பாடம் செய்தான்.

சோதனைக்கு நானும் கூடப் போனேன். கவையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். பையில் இருந்தால் காப்பியடிக்க வந்தவன் என்று நினைப்பார்கள் என்றேன். இருபது சுரம் கேட்டார்கள். இருபதும் தப்பு. வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான். பின்னாலேயே சோதனை வைத்த ஆசிரியை வந்தார்.

"இருபதையும் ஒரே அளவுக்குத் தள்ளிச் சொல்றார். காது கெட்டவங்க இப்படிச் சொல்லமாட்டாங்க. ஏதோ தப்பான சுருதியில பழகியிருக்கார். வீட்டுல என்ன வெச்சுப் பழகினாரோ, அதை எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. நான் இன்னொரு தடவை கேக்கறேன்."

சரிங்க என்றேன்.

தெருமுனையில் நின்றிருந்தான். "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். எங்கே வேலை என்று கேட்டார்கள், தொட்டிக்குள்ளே சுத்தியல் வேலை என்றேன், அப்படியென்றால் காது போயிருக்கும் என்றார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தான்.

திங்கட்கிழமை பஞ்சு இல்லாமல் இறங்கப்போனான். "டேய், மெழுகு எங்கடா?" என்றேன்.

"போனது போயிடுச்சு மாமா. இனி யாருக்குக் காப்பாத்தணும்?"

அந்த நிமிடம் என் வாயில் வார்த்தை இருந்தது. மேஸ்திரி கீழே நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நான் நினைத்தது ஒரு சோதனையைக் கெடுக்கத்தான். காதைக் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம், தினமும் எட்டு மணி நேரம், வெறும் காதோடு அவன் அடித்த ஒவ்வொரு அடியையும் மேலே நின்று நான் கேட்டேன். நான் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பினான். பிறகு கயிற்றை ஆட்டினால்தான் திரும்பினான். பிறகு அக்காள் கத்தினாலும் திரும்பவில்லை. கிடாரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தவன், கவையை மட்டும் என்னிடம் கொடுத்து, "உங்களுக்கு ஏதாவது உதவும், நல்ல இரும்பு" என்றான்.

போன மாதம் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அரம், ரேடியோ, அந்த அம்மா சொன்னது, எல்லாம். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். முடித்ததும் நெஞ்சுக்கு லேசாகத்தான் இருந்தது. முதுகில் மூச்சுக்காற்று பட்டதோ என்னவோ, திரும்பி, "ஏதாவது சொன்னீங்களா மாமா?" என்றான். சாப்பிடு என்று கை காட்டினேன்.

நாங்கள் பேசுவதை எழுதிக் காட்டுவதற்காக அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். எனக்கும் எழுதத் தெரியும். 'அன்றைக்கு உன் காது நன்றாகத்தான் இருந்தது, கெடுத்தது நான்' என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். அதை அவனுக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.